ப்ரூக்ஃபீல்டில் பாகப்பிரிவினை

பிபிசி வானொலியில் 1951 ஜனவரி 1 முதல் பிரிட்டன் முழுவதும் ஒலித்துவரும் 'தி ஆர்ச்சர்ஸ்' நாடகம் என்றாலே ரசிகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அதன் சாவுகள். 1955 செப்டம்பர் 22 அன்று ஐடிவி தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கிய அதே இரவில் கிரேஸ் ஆர்ச்சரைத் தீக்குப் பலிகொடுத்தார்கள். அறுபதாம் ஆண்டு நிறைவின்போது, 2011 ஜனவரியில், நைஜல் பார்ஜெட்டர் கூரையிலிருந்து விழுந்தார். சிக்ஸர்களை மட்டும் எண்ணிவிட்டு நாளெல்லாம் நின்று ஆடியவரை மறப்பது கிரிக்கெட் ரசிகர்களுக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை போலும். இந்த நாடகத்தின் உண்மையான திறமை அதன் சொத்துத் தகராறுகளில் இருக்கிறது என்பேன். அங்கே பொய்க் கையெழுத்து, ஒளித்துவைத்த உயில், திடீரென்று முளைக்கும் வக்கீல் என்று எதுவும் வேண்டியிருப்பதில்லை. ஒரு சமையலறை மேசை, நான்கு பிள்ளைகள், நிறைய நிலம், கையில் காசில்லை. அவ்வளவு போதும்.

2001இல் ஃபில் ஆர்ச்சர் ஓய்வுபெற முடிவெடுத்தபோது வெடித்த ப்ரூக்ஃபீல்டு பண்ணை விவகாரத்தைப் பாருங்கள். ஃபில்லுக்கும் மனைவி ஜில்லுக்கும் பிள்ளைகள் நால்வர். இரட்டையரான கென்டன், ஷூலா, அடுத்து டேவிட், கடைக்குட்டி எலிசபெத். கென்டன் கப்பல் வேலைக்குப் போனவர். பண்ணையில் தங்கி மாடு பார்த்தவர் டேவிட். பண்ணையை நாலாகப் பிரித்தால் ஒரு குடும்பம்கூட அதில் பிழைக்க முடியாது. பிரிக்காமல் டேவிட்டுக்கே கொடுத்தால், சந்தை விலைப்படி ஒருவருக்குக் கோடீஸ்வரப் பட்டமும் மற்றவர்களுக்கு ஆறுதல் பரிசும் என்றாகிவிடும். பிரான்சில் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தபட்சப் பங்கு என்னவென்று சட்டமே சொல்லிவிடும். இங்கிலாந்தில் அப்பாதான் சொல்லியாக வேண்டும். சொன்னபின் வீட்டில் அதற்கு அர்த்தம் கற்பித்தே தீர்வார்கள். டேவிட் பக்கம் சாய்ந்த முடிவைக் கேட்டு அதிகம் கொதித்தவர் எலிசபெத். லோயர் லாக்ஸ்லி மாளிகைக்கு வாழ்க்கைப்பட்ட அவருக்குப் பணத்தேவை எல்லோரையும்விடக் குறைவு. ஆத்திரத்தை அந்த இடத்தில் வைத்ததில்தான் எழுத்தாளர்களின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது: கேட்டது பங்கு, கணக்குப் பார்த்தது பாசத்தை.

இந்தத் தீர்ப்புக்கு வட்டி பதினான்கு ஆண்டு கழித்து வந்து சேர்ந்தது. பண்ணையை ஊடறுத்து ஒரு சாலை வரப்போகிறது என்றானபின், டேவிட்டும் மனைவி ரூத்தும் ப்ரூக்ஃபீல்டை விற்றுவிட்டு வடக்கே நார்தம்பர்லாந்து போகத் தீர்மானித்தார்கள். விற்ற பணத்தில் தனக்கும் ஒரு பங்கு வரும் என்று நம்பி, கென்டன் தன் 'தி புல்' பப்புக்காகச் செலவில் இறங்கிவிட்டார். 2015 ஜனவரியில் டேவிட் மனம் மாறி விற்க மறுத்தார். கெட்டவர் என்று சுட்டிக்காட்ட அந்தக் கதையில் ஆளே இல்லை. ஒருவர் நிலத்தைக் காப்பாற்றினார், இன்னொருவர் கடனில் மாட்டினார். காரணம் ஒரே முடிவு. எழுத்தாளர்களின் மிகைக்கற்பனை என்று இதைத் தள்ள முடியாது. நிஜத்தில், சாமர்செட்டில் உறவினர் பண்ணையில் ஏறக்குறைய முப்பது ஆண்டு சம்பளமில்லாமல் உழைத்த ஒருவருக்கு, தெளிவான வாக்குறுதி எதுவும் எழுத்தில் இல்லாதபோதும், அந்தப் பண்ணை அவருக்கே என்று 2009இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. வாய்ச்சொல்லை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொள்வது ஆங்கிலேய விவசாயக் குடும்பங்களில் சகஜம். (சுவாரசியத்துக்கு ஒன்று: டேவிட்டாக நடிக்கும் டிம் பென்டிங்க் நிஜத்தில் போர்ட்லண்ட் பிரபு. பட்டம் வந்தது, எஸ்டேட் வரவில்லை.)

நிலம் உள்ளவர்களின் சண்டையில் ஊருக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நாடகம் நடக்கும் அதே ஆம்ப்ரிட்ஜ் கிராமத்தில், குத்தகை பாக்கியில் நொடித்துப்போன கிரண்டி குடும்பம் 2000இல் கிரேஞ்ச் பண்ணையைவிட்டு வெளியேற்றப்பட்டு, பக்கத்து நகரத்தின் அடுக்குமாடி வீட்டில் போய் முடங்கியது. மறு ஆண்டே ப்ரூக்ஃபீல்டு சண்டை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவருக்கு, பங்கு போதாது என்று அழுபவரும் பங்கு என்ற பேச்சுக்கே இடமில்லாதவரும் யார் யார் என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அரைத்த மாவையே அரைக்கிறார்கள் என்ற புகாரை மட்டும் முழுதாக மறுக்க மாட்டேன். 2019இல் ஆர்ச்சர் குடும்பத்து முதியவரான பெக்கி ஐந்து லட்சம் பவுண்டை ஒதுக்கி, சுற்றுச்சூழலுக்கு நல்ல திட்டம் கொண்டுவருவோருக்கு என்று போட்டி வைத்தபோது கதை தொய்ந்துபோனது. தோற்றவர்கள் இழந்தது ஒரு வாய்ப்பை மட்டுமே. இருபது வருட உழைப்பை யாரும் அதில் பந்தயம் வைக்கவில்லை.

அடுத்த சோதனையை அரசே கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. விவசாய நிலத்துக்கு 1992 முதல் இருந்த முழு வாரிசுரிமை வரிச்சலுகைக்கு 2024 அக்டோபர் பட்ஜெட் 10 லட்சம் பவுண்டு என்று வரம்பு கட்டியது. விவசாயிகள் லண்டனில் திரண்டு போராடினார்கள்; 2025 டிசம்பரில் வரம்பை 25 லட்சமாக உயர்த்தினார்கள். உயிரோடிருக்கும்போதே எழுதிக்கொடுத்தால் வரி இல்லை, ஆனால் கொடுத்தவர் அதன்பின் ஏழு ஆண்டு உயிரோடிருக்க வேண்டும். கொடுத்த வீட்டில் வாடகையின்றித் தொடர்ந்து குடியிருக்கவும் கூடாது. 1959இல் பிறந்த டேவிட்டுக்கும் பிப், ஜோஷ், பென் என்று பிள்ளைகள் மூவர். வேறொரு தொடராக இருந்தால் 'ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு' என்று அறிவித்துவிட்டு மேலே போய்விடும். ஆம்ப்ரிட்ஜில் நாள்காட்டி நம்முடையதோடு சேர்ந்தேதான் நகர்கிறது. பண்ணையைப் பிப் பெயருக்கு மாற்றினால், டேவிட் அந்தச் சமையலறையைக் காலிசெய்தோ அதற்கு வாடகை கொடுத்தோ, 13 நிமிடம் 13 நிமிடமாக அந்த ஏழு ஆண்டையும் ஓட்டியாக வேண்டும். ஜோஷும் பென்னும் அதுவரை வாய்மூடி இருப்பார்களா என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.