மூலையில் நிற்பவர்

சண்டைப் படம் என்றால் எனக்கு ஓர் அலட்சியம் உண்டு. முதல் அடி விழும்போதே கடைசி அடி யாருடையது என்று தெரிந்துவிடும். நடுவில் இரண்டு மணி நேரத்தை எப்படிக் கடத்துவது என்பதுதான் டைரக்டருடைய கவலை. நம்முடைய கவலையும் அதுவே. ஆகவே 'வாரியர்' என்ற அமெரிக்கப் படம் 2011-இல் வெளிவந்தபோது நான் அதன் பக்கம் போகவில்லை. பல வருஷங்கள் கழித்து, ஒரு மழை நாளில், எழுத்து ஓடாமல் உட்கார்ந்திருந்த சமயம் பார்த்தேன். பிறகு இன்னும் இரண்டு தடவை பார்த்தாயிற்று. மூன்று தடவையும் சண்டைக்காக அல்ல. சண்டைக்கு வெளியே நிற்கிற ஒரு கிழவருக்காக.

படத்தில் வருவது மிக்ஸட் மார்ஷியல் ஆர்ட்ஸ். கம்பி வலை போட்ட கூண்டுக்குள் இரண்டு பேர். குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் பிடித்துக் கீழே சாய்க்கலாம், கையை முறுக்கியோ கழுத்தை இறுக்கியோ 'போதும்' என்று தட்ட வைக்கலாம். ஐந்து நிமிஷம் ஒரு சுற்று. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே ஒரே ஒரு நிமிஷம் ஓய்வு. அந்த ஒரு நிமிஷம்தான் வாத்தியாருடையது. சின்ன ஸ்டூலும் தண்ணீருமாக உள்ளே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவன் காதில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வெளியேறிவிட வேண்டும். எந்த இரண்டு வார்த்தை? அதைவிட முக்கியம், சொல்ல யாருக்கு உரிமை?

பாடி கான்லன் ஒரு காலத்தில் மகா குடிகாரர். அவருடைய கொடுமை தாங்காமல் மனைவி இளைய மகனை அழைத்துக்கொண்டு ஓடிப்போய், எங்கோ நோயில் கிடந்து செத்துப்போனாள். பதினான்கு வருஷம் கழித்து அந்த இளையவன் டாமி வீடு தேடி வருகிறான். கிழவர் குடியை விட்டு ஆயிரம் நாள் ஆகப்போகிறது. மகன் வந்ததும் முதல் காரியமாகக் குடிக்கச் சொல்கிறான்! பிறகு, தன்னைப் போட்டிக்குத் தயார் செய்யச் சொல்லிக் கேட்கிறான். சிறு வயதில் அவனை மல்யுத்தத்தில் தேற்றியவர் அவர்தானே. ஆனால் ஒரு நிபந்தனை: வாத்தியார் வேண்டும், அப்பா வேண்டாம்.

இந்த நிபந்தனைதான் கதையின் உயிர். ஒரு மனிதனிடம் உள்ள வித்தையை மட்டும் உரித்து எடுத்துக்கொண்டு மனிதனை வாசலில் நிறுத்த முடியுமா? கிழவர் சரி என்கிறார். அந்தக் கூலி வேலையாவது கிடைத்ததே என்று ஒப்புக்கொள்கிற அந்த முகத்தை நிக் நோல்டி காட்டுகிற விதம் இருக்கிறதே, பத்துப் பக்கம் எழுதினாலும் எனக்கு வராது.

ஆனால் இங்கேதான் டைரக்டர் கேவின் ஓ'கானரோடு எனக்கு வழக்கு. இந்தக் கிழவர் டாமிக்கு என்ன கற்றுக்கொடுத்தார்? திரையைத் துண்டு துண்டாக்கி, ஓட்டமும் பயிற்சியுமாகச் சில நிமிஷம் காட்டிவிட்டு, 'இதோ, கற்றாயிற்று' என்கிறார்கள். அட்லாண்டிக் ஸிட்டிப் போட்டியில் டாமி எதிராளியைச் சில விநாடிகளில் சாய்த்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விடுகிறான். அந்த ஒரு நிமிஷம் கிழவருக்கு வாய்ப்பதே இல்லை. இறுதிப் போட்டியில், அவனுக்கு யாராவது ஏதாவது சொல்லியாக வேண்டிய நேரத்தில், அவர் அந்த மூலையில் இல்லை. அப்பா வேண்டாம் என்றான் மகன். கதையோ வாத்தியாரையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டது.

மூத்தவன் பிரெண்டன் பக்கம் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் பௌதிக வாத்தியார்; வீடு பாங்க் கடனில் முழுகப்போகிறது. அவனுக்குப் பயிற்சி தருகிற பிராங்க், பீத்தோவனை ஓடவிட்டு, அவசரப்படாதே, தாளத்தைப் பிடி, மூச்சை விடு என்று பழக்குகிறான். ரஷ்யக்காரன் கோபாவிடம் பிரெண்டன் உதைபட்டுக்கொண்டிருக்கும்போது, மூலையில் அவன் பேசுவது கையையும் காலையும் பற்றி அல்ல, வீட்டைப் பற்றி. இப்போது ஜெயிக்காவிட்டால் உனக்கு வீடு இல்லை! சீடனின் கடன் எவ்வளவு என்று தெரிந்த ஆசான் அவன். பாடிக்கும் டாமியின் கடன் தெரியும். ஆனால் அந்தக் கடனை உண்டாக்கியவரே அவர்தான். வாயைத் திறப்பது எப்படி?

நிஜத்தில் வேறு மாதிரி ஒன்று நடந்திருக்கிறது. தாகெஸ்தான் மலைநாட்டில் அப்துல்மனாப் நுர்மகமெதோவ் என்று ஒரு பயிற்சியாளர். வீட்டின் கீழ்த்தளத்தையே பயிற்சிக் கூடமாக்கியவர். ஒன்பது வயது மகனைக் கரடிக்குட்டியோடு மல்லுக்கு விட்டார். (நம் வீட்டுப் பெண்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன்.) அந்த மகன் ஹபீப், இருபத்தொன்பது போட்டியில் ஒன்றுகூடத் தோற்காதவர். விஸா கிடைக்காததால் தகப்பனார் அமெரிக்கப் போட்டிகளுக்குப் போக முடியவில்லை. 2018-இல் லாஸ் வேகாஸில் ஜெயித்த கையோடு கூண்டைத் தாண்டிக் குதித்துக் கைகலப்பு செய்த ஹபீப், அப்பா என்னை உரித்துவிடுவார் என்று பேசினார். உலகச் சாம்பியனுக்கு வந்த பயத்தைப் பாருங்கள். பல ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்த மனிதர் மகன் பக்கத்திலேயே நின்றார்.

2020 ஜூலையில் அப்துல்மனாப் கொரோனாவின் விளைவாக இறந்தார். அக்டோபரில் அபுதாபியில் ஜெயித்த ஹபீப், கூண்டுக்குள் மண்டியிட்டு அழுதுவிட்டு, அப்பா இல்லாமல் சண்டை போடமாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்ததாகச் சொல்லி ஓய்வு பெற்றார். அப்புறம் அவரே மூலைக்கு வந்தார். அப்பாவிடம் கூடவே கற்ற இஸ்லாம் மகச்சேவ், 2022 அக்டோபர் 22-இல், அதே அபுதாபியில், சார்லஸ் ஒலிவெய்ராவை இரண்டாம் சுற்றில் கழுத்துப் பிடியில் மடக்கிப் பட்டம் பெற்றார். இதெல்லாம் தகப்பனார் போட்ட திட்டம் என்றே ஹபீப் சொன்னார். அவருடைய பாணி என்று தனியாக ஒன்றைத் தேடிப் பார்த்தால் கையில் கிடைப்பது இதுதான்: அவர் தன் வித்தை என்று எதையும் சொல்வதில்லை. 2023-இன் தொடக்கத்தில் குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்று பயிற்சியிலிருந்தும் சில காலம் விலகினார்.

எனக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. இளைஞர் ஒருவர் மாதம் ஒரு கதை கொண்டுவந்து காட்டிக்கொண்டிருந்தார். நான் திருத்தித் திருத்திக் கொடுத்தேன். ஐந்தாவது கதையைப் படித்தபோது அது நான் எழுதியது போலவே இருந்தது. பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆறாவது கதையோடு அவர் வரவில்லை. நான் அவருக்கு ஒரு தடவைகூட, உமக்கு எவ்வளவு கடன் என்று கேட்டதில்லை.

பாடி, காதில் குழலை மாட்டிக்கொண்டு 'மோபி டிக்' நாவலை யாரோ படிக்கக் கேட்கிறவர். சூதாட்டக் கூடத்தில் மகன் காசை விட்டெறிந்து அவமானப்படுத்திய இரவு அவர் மறுபடி குடித்துவிடுகிறார். ஹோட்டல் அறையில், கப்பலை நிறுத்து என்று கேப்டன் ஆஹாபைப் பார்த்துக் கதறுகிறார். அத்தனை நாளும் முகம் கொடுக்காத டாமி அவரைப் படுக்கையில் கிடத்தி அணைத்துக்கொள்கிறான். ஒரு வார்த்தை உபதேசம் இல்லை. படத்தில் உண்மையாக மூலையில் நின்றவன் அப்போது டாமிதான் என்று எனக்குப் பட்டது.

கடைசியில் அண்ணனின் பிடியில் சிக்கித் தம்பி தட்டுகிறான். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து வெளியே போகிறார்கள். கிழவர் ஒதுங்கி நின்று பார்த்து லேசாகச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்கு ஆஸ்கார் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. துணை நடிகருக்கான பரிந்துரையோடு சரி. பரிசு கிறிஸ்டஃபர் பிளம்மருக்குப் போயிற்று. அவருக்கு அப்போது எண்பத்திரண்டு வயது.