பேனாவும் கூலியும்

எழுத்தாளன் தொழிலாளியல்லன் என்று சாதிப்போருக்கு ஹொலிவூட் 2023ஆம் ஆண்டில் விடையளித்தது. ஏறத்தாழ 11,500 திரைக்கதாசிரியர்கள் மே 2 தொடக்கம் 148 நாட்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர்.

தொலைக்காட்சித் தொடர்கள் ஆண்டுக்கு இருபதுக்கு மேற்பட்ட பகுதிகளாக வந்த காலத்தில் எழுதுவோருக்கு நீண்டகால வேலை இருந்தது. மறு ஒளிபரப்புக்கும் பணம் கிடைத்தது. இணையவழி நிறுவனங்களோ தொடரைப் பத்துப் பகுதிகளாகக் குறுக்கின. எழுதுவோர் பலரைப் படப்பிடிப்புக்கு முன்னரே வெளியேற்றின. படப்பிடிப்பைக் காணாதவன் தொழில் பயில்வது எங்ஙனம்? குறைந்தது கூலி மட்டுமன்று, கலையுந்தான்.

போராட்டம் ஈன்ற ஒப்பந்தம், இயந்திரம் எழுதியதை எழுத்தாளன் படைப்புக்கு நிகராகக் கொள்ளலாகாதென விதித்தது. ஆயினும் அவர்தம் பழைய எழுத்துக்களை அவ்வியந்திரத்துக்கு இரையாக்குவதை அது தீர்க்கமாகத் தடுக்கவில்லை. வெற்றி உண்மையானதே, முழுமையானதன்று. கலையின் சுதந்திரத்தைப் பேசும் நாம், கலைஞனின் கூலியைப் பேசக் கூசுவதேன்?