செம்பும் கண்ணாடியும்

எனாமல் வேலையை ஓவியத்தின் கிளை என்பார் சிலர். அஃது அத்துணைப் பொருத்தமன்று. 1151-இல் மறைந்த ஆஞ்சூ கோமான் ஜெப்ரிக்காகப் பிரான்சின் லெ மான் பேராலயத்தில் வைக்கப்பெற்ற செப்புப் பலகையை நோக்குக, 63 செ.மீ. உயரமுள்ள அஃது இன்று அந்நகர் அருங்காட்சியகத்தில் உள்ளது. நீலக் கேடயத்துப் பொற்சிங்கங்கள் தூரிகை தீட்டியவையல்ல. வினைஞன் உளியால் சுற்றிலும் அகழ, எஞ்சி நின்ற செம்பே அவை. பள்ளங்களில் கண்ணாடித் தூளை நிரப்பிச் சூளையிலிட, உருகித் தாழும். மீண்டும் நிரப்பிச் சுட்டு, சமமாகத் தேய்த்த பின்னரே பொன் முலாம் பூசுவர். செதுக்குக் கலையன்றோ இது?

இக்காலச் சுவர்ச்சிற்ப வினைஞர் மெல்லிய செப்புத் தகட்டில் பூசுவதால் அகழும் உழைப்பு அவர்கட்கில்லை. வேறொரு தொல்லை உண்டு. கண்ணாடியினும் செம்பு மிகுதியாகச் சுருங்குமாதலின், பின்புறமும் பூசாவிடில் தகடு கோணிப் பூச்சு தெறிக்கும். முகப்பின் பளபளப்பைப் புகழ்வோர் தகட்டைத் திருப்பிப் பார்ப்பதில்லை.