பதினெட்டாவது அட்சக்கோடு: தமிழ் நாவலில் மதப் பிளவு

பதினெட்டாவது அட்சக்கோடு (1977) அசோகமித்திரன் எழுதிய நாவல். இந்திய விடுதலையை ஒட்டி ஹைதராபாத் சமஸ்தானத்தில் உருவான மதப் பிளவை, செகந்திராபாத்தில் வாழும் ஒரு தமிழ் இளைஞனின் பார்வையில் சொல்கிறது. கலவரத்தின் பழியை எதிர்த்தரப்பின்மேல் மட்டும் ஏற்றாமல், தன் தரப்பின் பெயரால் நடந்தவற்றையும் வாசகனை எதிர்கொள்ளச் செய்கிறது என்பதே இந்நாவலின் முதன்மையான சிறப்பு.

பின்னணி

1947 ஜூன் 3 அன்று மவுண்ட்பேட்டன் பிரிவினைத் திட்டத்தை அறிவித்தார். பஞ்சாபையும் வங்காளத்தையும் பிளந்த ராட்கிளிஃப் எல்லைக்கோடு, விடுதலைக்கு இரண்டு நாள் கழித்து ஆகஸ்ட் 17 அன்று வெளியானது. அந்தக் கோடு சென்னை மாகாணத்தைத் தொடவில்லை. விருத்தாசலம் போன்ற தென்னாற்காட்டு ரயில் சந்திப்புகளில், பஞ்சாபில் கண்டதுபோலப் பிணங்கள் நிறைந்த ரயில்கள் வந்து நிற்கவில்லை.

தமிழகத்தில் பிரிவினை பெரிதும் அரசியல் விவாதமாகவே இருந்தது. 1942-ல் முஸ்லிம் லீகின் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்கவேண்டும் என்று வாதிட்ட ராஜாஜி, எதிர்ப்பு எழுந்தபோது காங்கிரஸிலிருந்து விலகினார். 1948 மார்ச்சில் முகம்மது இஸ்மாயில் தலைமையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் சென்னையில் தொடங்கப்பட்டது. கலவரத்தை நேரில் காட்ட விரும்பிய தமிழ் நாவலாசிரியர்கள் தங்கள் கதைமாந்தரை வடக்கே அனுப்பவேண்டியிருந்தது.

அலை ஓசையும் அட்சக்கோடும்

கல்கியின் 'அலை ஓசை' அவ்வாறு டெல்லிக்கும் பஞ்சாபுக்கும் சென்ற நாவல். 1948-49-ல் தொடராக வந்த இந்நூலுக்கு, ஆசிரியரின் மறைவுக்குப் பின் 1956-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. அதன் நாயகி சீதாவின் துயரமும் தேசத்தின் துயரமும் இணைகோடுகளாகச் செல்கின்றன. வாசகன் சீதாவுக்காக இரங்குகிறான். ஆனால் வன்முறை அவனுக்கு வெளியே எழும் ஒரு பேரலையாகவே தோன்றுகிறது. அதில் அவனுக்குப் பங்கில்லை.

அசோகமித்திரன் 1931-ல் செகந்திராபாத்தில் பிறந்து, இருபது வயதைக் கடந்த பின்னரே சென்னைக்கு வந்தவர். அவர் எழுதியது தான் வளர்ந்த தெருக்களை. நாவலின் சந்திரசேகரன் ரயில்வே ஊழியரின் மகன். கிரிக்கெட்டும் கல்லூரியும் வீட்டு வேலைகளுமே அவன் உலகம். நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் இந்தியாவுடன் இணைய மறுப்பதும், காசிம் ரஸ்வியின் ரஜாக்கர்கள் வலுப்பெறுவதும் அவனுக்கு முதலில் வதந்தியாக, அண்டை வீட்டாரின் மாறிய முகமாக, மைதானத்தில் எழும் சண்டையாக வந்துசேர்கின்றன. வரைபடத்தில் இல்லாத ஒரு கோடு அன்றாட வாழ்க்கைக்குள் விழுவதை நாவல் நிதானமாகக் காட்டுகிறது.

இறுதிக் காட்சி

1948 செப்டம்பர் 13 அன்று இந்திய ராணுவம் சமஸ்தானத்துக்குள் நுழைந்தது. ஐந்து நாட்களுக்குள் நிஜாமின் படை பணிந்தது. வழக்கமான தேசியக் கதை இந்த வெற்றியோடு முடிந்திருக்கும். அசோகமித்திரன் அதன் மறுபக்கத்துக்குச் செல்கிறார். அதுவரை அஞ்சியவர்கள் இப்போது துரத்துகிறார்கள். கலவரத்தின் நடுவே சந்திரசேகரன் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் சென்றுவிடுகிறான். குடும்பத்தைக் காப்பாற்ற எண்ணி அவ்வீட்டுச் சிறுமி அவன்முன் தன் உடைகளைக் களைகிறாள். அவன் எந்தத் தீங்கும் செய்யவில்லை. ஆனால் அவளுக்கு அவனும் துரத்தி வந்தவர்களில் ஒருவன். அவன் கூசிச் சிதறி வெளியே ஓடுகிறான்.

ராணுவ நடவடிக்கையைத் தொடர்ந்த வன்முறையில் 27,000 முதல் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று அரசு அனுப்பிய சுந்தர்லால் குழு மதிப்பிட்டது. அவ்வறிக்கை பல பதிற்றாண்டுகள் பொதுப்பார்வைக்கு வரவில்லை. அறிக்கை மறைந்திருந்த காலத்தில் அந்த அவமானத்தைத் தமிழில் பதிவுசெய்தது இந்நாவல்.

மதிப்பீடு

நாவல் தன்மையிலும் படர்க்கையிலும் மாறிமாறிச் சொல்லப்படுகிறது. 'நான்' என்று பேசுபவன் சில இடங்களில் 'சந்திரசேகரன்' ஆகிறான். தன்னைத் தானே விலகிநின்று பார்க்கவேண்டிய கதைக்கு இந்த உத்தி பொருந்துகிறது. குரலுயர்த்தாத நடையும் இறுதிக் காட்சியின் அதிர்ச்சியைக் கூட்டுகிறது.

நாவலுக்கு எல்லைகளும் உண்டு. அதன் பார்வை பெரும்பாலும் நகரத்துக்குள் நிற்பதால், அதே காலத்தில் தெலங்கானா கிராமங்களில் நடந்த விவசாயிகளின் ஆயுதப் போராட்டம் தொலைவிலேயே இருக்கிறது. முஸ்லிம் மாந்தர்கள் வெளியிலிருந்தே காணப்படுகிறார்கள். இறுதிச் சிறுமியின் வாழ்க்கையை வாசகன் அறிவதில்லை. ஆனால் அந்த அறியாமை சந்திரசேகரனுடையதும்கூட. அத்தனை ஆண்டுகள் அதே ஊரில் வாழ்ந்தவன், அவர்களின் வீட்டுக்குள் அன்றுதான் நுழைகிறான் என்பதில் பிளவின் முழு வரலாறும் அடங்கியிருக்கிறது.