ஊர் பேரில் ஒரு நோய்

திருநெல்வேலிக்கு அல்வா, திண்டுக்கல்லுக்குப் பூட்டு மாதிரி, சில ஊர்களுக்கு ஒரு மனநோய் இருக்கிறது தெரியுமா? ஃப்ளாரன்ஸுக்கு ஸ்தாந்தால் சிண்ட்ரோம், ஜெருசலேமுக்கு அந்த ஊர் பேரிலேயே ஒன்று, பாரிஸுக்கும் அப்படியே.

ஃப்ளாரன்ஸ் சமாசாரத்தை ஆரம்பித்து வைத்தவர் கிராசியெல்லா மாகெரீனி. அங்கே 1288-ல் துவங்கிய சாந்தா மரியா நுவோவா ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவராக இருந்தவர். சுற்றுலா வந்த இடத்தில் படபடப்பு, தலைசுற்றல், சிலருக்கு பிரமை, யாரோ துரத்துகிறார்கள் என்கிற பயம் என்று அவசரமாகக் கொண்டுவரப்பட்ட 106 பேரைக் கவனித்து, 1989-ல் ஒரு புத்தகம் எழுதினார். நாவலாசிரியர் ஸ்தாந்தால், சாந்தா க்ரோச்சே தேவாலயத்தைப் பார்த்துவிட்டு நெஞ்சு படபடக்க, விழுந்துவிடுவோமோ என்று பயந்தபடி வெளியே வந்ததை எழுதியிருக்கிறார். அவர் பெயரையே நோய்க்கு வைத்துவிட்டார் மாகெரீனி.

மாகெரீனியிடம் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஊசி போட்டுத் தூங்கவைத்து அடுத்த விமானத்தில் ஏற்றிவிடாமல், எங்கிருந்து வந்தாய், தனியாகவா வந்தாய், எதைப் பார்த்தாய் என்று உட்கார்ந்து கேட்டிருக்கிறார். பிடிக்காதது, அந்தப் பெயர். பெயர் இருக்கிறதே, அது வியாதியைவிட வேகமாகப் பரவும். 1996-ல் தாரியோ அர்ஜென்தோ அதே பெயரில் திகில் படமே எடுத்துவிட்டார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் டி.எஸ்.எம். பட்டியலில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. அதனாலென்ன, டூரிஸ்ட் கைடுகளின் பட்டியலில் இருக்கிறதே!

ஜெருசலேம் கதை இன்னும் சுவாரஸ்யம். கோஷ்டியிலிருந்து பிரிந்து, திரும்பத் திரும்பக் குளித்து, நகம் வெட்டி, ஓட்டல் படுக்கை விரிப்பை அங்கியாகச் சுற்றிக்கொண்டு, புனிதத் தலத்தில் நின்று பிரசங்கம் செய்பவர்கள். நீங்களும் எங்காவது படித்திருப்பீர்கள். இதை விவரித்து யாயிர் பார்-எல் என்ற மருத்துவரும் சகாக்களும் 2000-ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் கதையை விட்டுவிட்டுக் கணக்கைப் பாருங்கள். 1980-லிருந்து 1993 வரை அவர்களிடம் அனுப்பப்பட்ட டூரிஸ்டுகள் சுமார் 1,200 பேர். ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்கள் 470. முன்பு எந்த மனநோயும் இல்லாமல் திடீரென்று இப்படி ஆனவர்கள்? வெறும் 42.

நாம் ரசிப்பது இந்த 42 பேரை. மிச்சமுள்ள ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேரைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை. நோயும் மாத்திரையுமாக ஊரிலிருந்தே வந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். கலியான், விட்ஸ்டும் என்ற இரு மருத்துவர்கள் அதே ஆண்டு அதே இதழில் இதைத்தான் கேட்டார்கள்: ஊர் எங்கே நோய் தந்தது? நோய் ஏற்கெனவே இருந்தது. ஊர் ஒரு மேடை, அவ்வளவுதான். என் ஓட்டு இவர்களுக்கு.

ஏனென்றால் நிஜ வில்லன்களுக்குக் கவர்ச்சி கிடையாது. தூக்கமின்மை ஒன்று. ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து அனுப்பப்பட்ட மனநோயாளிகளை ஆராய்ந்து 1982-ல் வெளிவந்த கட்டுரையில், கிழக்கிலிருந்து மேற்கே பறந்தவர்களிடம் மனச்சோர்வும், மேற்கிலிருந்து கிழக்கே பறந்தவர்களிடம் அளவுமீறிய உற்சாகமும் அதிகம் தெரிந்தன. மைக்கேலேஞ்சலோவுக்கு இதில் பங்கில்லை. நேர வித்தியாசத்தில் விட்டுப்போன வேளை மாத்திரை இன்னொன்று. லித்தியம் சாப்பிடுகிறவர் வெயிலில் சுற்றி, தண்ணீர் குடிக்காமலிருந்தால் அதே மருந்து ரத்தத்தில் ஏறி விஷமாகலாம். மெஃப்ளோக்வின் என்கிற மலேரியா மாத்திரையே சிலருக்கு பிரமையைக் கிளப்பும்.

இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு எமர்ஜென்சியில் நிற்கும் டூட்டி டாக்டரை நினைத்துப் பாருங்கள். எதிரே பாஷை தெரியாத ஒரு ஆள். கூட யாரும் இல்லை. பழைய ஃபைல் இல்லை. ஊரில் அவர் வழக்கமாக எப்படி இருப்பார் என்று சொல்ல ஆளில்லை. இவர் சத்தமாகப் பேசுவது நோயா, சுபாவமா? டாக்டர் செய்யவேண்டியது எல்லாம் சாதாரண வேலை. ஜுரம், சர்க்கரை, தலையில் அடி என்று முதலில் உடம்பைப் பார்ப்பது. பையில் என்ன மாத்திரை என்று தேடுவது. பாஷை தெரிந்தவரைப் பிடிப்பது. வீட்டுக்குப் போன் போடுவது. தூங்கவைப்பது. அப்புறம் யார் துணையோடு ஊருக்குப் போவார், அங்கே யார் பார்ப்பார் என்று விசாரித்துக் கடிதம் கொடுத்து அனுப்புவது. இதற்கெல்லாம் அழகான பெயர் கிடையாது. 'ஓஹோ, ஜெருசலேம் கேஸ்' என்று முத்திரை குத்திவிட்டால், இத்தனையையும் செய்யாமலிருக்க ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது. மூளைக்காய்ச்சல்காரரும் பிரசங்கம் செய்யலாம், ஸ்வாமி.

உங்கள் வீட்டில் மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் யாராவது பயணம் கிளம்பினால் தடுக்காதீர்கள். சர்க்கரைக்காரர் போகவில்லையா? மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். லக்கேஜில் போட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடலாம். மருந்தின் கம்பெனிப் பெயர் வெளிநாட்டில் யாருக்கும் புரியாது. உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் அளவையும் டாக்டரிடம் இங்கிலீஷில் எழுதி வாங்குங்கள். எந்த நேரத்துக்கு எந்த வேளை என்று அவரிடமே கேளுங்கள். அந்தச் சீட்டிலேயே வீட்டு போன் நம்பரையும் எழுதி, பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள்.

வெட்கப்பட்டுக்கொண்டு எழுதாமல் விட்டுவிடாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த டாக்டருக்கு வேண்டியது ஸ்தாந்தால் அல்ல, இந்தச் சீட்டு.