'அந்த நாள்' படத்தைக் கூடிப் பேசும்போது

எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்' (1954) ஃபிலிம் சொசைட்டிகளுக்கென்றே எடுத்ததுபோன்ற படம். ஆனால் திரையிடல் முடிந்ததும் பேச்சு பெரும்பாலும் இரண்டு பாராட்டுகளோடு நின்றுவிடுகிறது. பாட்டே இல்லாத தமிழ்ப் படம் என்பது ஒன்று. தமிழின் 'ரஷோமோன்' என்பது மற்றொன்று. முதலாவது உண்மை; ஆனால் அதுவே படத்தின் தகுதி ஆகிவிடாது. இரண்டாவதைப் பத்துப் பேர் உட்கார்ந்து உரசிப் பார்த்தால் நிற்காது.

குரோசாவாவின் 'ரஷோமோன்' படத்தில் (1950) நிகழ்ச்சி ஒன்றுதான். சொல்பவர் மாற மாற அது வேறாகிறது, கடைசிவரை ஒத்துப்போவதில்லை. பாலசந்தரின் கதை வேறு. 1943இல் ஜப்பானியர் சென்னைமீது குண்டுவீசிய சமயத்தில் ரேடியோ எஞ்சினியர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். பக்கத்து வீட்டுச் சின்னையா, ராஜனின் தம்பி பட்டாபியைச் சந்தேகிக்கிறார், பட்டாபி தன் மனைவி ஹேமாவை, ஹேமா, ராஜனின் காதலி அம்புஜத்தை, அம்புஜம் சின்னையாவை. சந்தேகம் ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. பிறகு ராஜனின் மனைவி உஷா வழியாக உண்மை ஐயமின்றி வெளிப்படுகிறது. உண்மையை அறிய முடியுமா என்ற கேள்வியே இங்கே எழவில்லை. கூடவே வாழ்பவரைக் கொலையாளி என்று நினைக்க எவ்வளவு குறைந்த சாட்சியம் போதும் என்பதைக் காட்டுவதில்தான் படத்தின் கூர்மை. கூடிப் பேசுகையில் ஒருவர் கவனிக்காமல் விட்ட காட்சியை இன்னொருவர் எடுத்துக்கொடுக்கும்போது இந்தச் சுற்று தெளிவாகத் துலங்கும்.

உண்மையில் விவாதிக்க வேண்டியது ராஜனின் துரோகத்தை. அவன் ஜப்பானியரின் உளவாளி. அதே 1943இல் மலாயாத் தமிழர்கள் பலர் நேதாஜியின் படையில் சேர்ந்து ஜப்பானியர் பக்கம் நின்றார்கள். அவர்களைத் தியாகிகள் என்கிறோம். அவர்களிடமிருந்து ராஜனை எந்தக் கோடு பிரிக்கிறது? தன் கண்டுபிடிப்பை அரசு மதிக்கவில்லை என்ற கசப்பையும், போதாததற்கு ஒரு கள்ளக் காதலையும் அவன்மேல் ஏற்றிப் படம் இந்தக் கேள்வியிலிருந்து நழுவிவிடுகிறது. 'பராசக்தி' வந்து இரண்டே ஆண்டில் இந்த வேடத்தை ஏற்ற சிவாஜி கணேசன், அவனை வெறும் வில்லனாக்காமல் காப்பாற்றுகிறார். ஆனால் திரைக்கதை செய்ய வேண்டியதை நடிப்பு முழுதாக ஈடுகட்டாது.

என் தீர்ப்பு இது: வடிவத்தில் 'அந்த நாள்' இன்றும் உயர்ந்து நிற்கிறது, அரசியலில் அரைகுறை. அதற்கு இரவல் பட்டம் வேண்டாம். திரையிடும் அமைப்புகள் முன்னுரைப் பேச்சுகளைக் குறைத்துக்கொண்டு, உஷாவும் ராஜனும் நேருக்கு நேர் வாதிடும் இறுதிக் காட்சியைப் படம் முடிந்தபின் இன்னொருமுறை போட்டுக்காட்டட்டும். விவாதத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.