நிகழ்பட ஆட்டக் கருவிகள்: வலிமையா, புதுமையா?

நிகழ்பட ஆட்டக் கருவிகளைச் செயலியின் வேகத்தைக் கொண்டு தரம் பிரிப்பது வழக்கம். விற்பனை வரலாறு அதற்கு ஒத்துவரவில்லை. 1989இல் நின்டெண்டோ வெளியிட்ட கேம் பாயின் திரையில் வண்ணமே கிடையாது. 1990இல் வந்த சேகாவின் கேம் கியர் வண்ணத்திரை கொண்டது. ஆனால் 6 பேட்டரிகளை 5 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடும். கேம் பாய் 4 பேட்டரிகளில் 10 மணி நேரத்துக்கு மேல் ஓடியது, விலையும் குறைவு. விற்பனையில் வென்றதும் அதுவே. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய், பழகிய மலிவான தொழில்நுட்பத்தைப் புது வழியில் பயன்படுத்துவதைக் கொள்கையாகவே வைத்திருந்தார்.

கோவைக்கு இது அந்நியமான சிந்தனை அன்று. ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். புவிசார் குறியீடு பெற்ற கோவை வெட் கிரைண்டரில் கல் சுற்றுகிறது. பொருள் பழையது, மோட்டாரும் பெரிதல்ல.

ஆயினும் புதுமை என்ற பெயரே போதும் என்பாரின் வாதமும் நிற்காது. 2006இல் வந்த வீ, கையசைவை உணரும் ரிமோட்டால், தன்னைவிட வலிமை மிக்க பிளேஸ்டேஷன் 3ஐ முந்தி 10 கோடிக்கு மேல் விற்றது. டென்னிஸ் ஆட, மட்டையைப் போல் அதை வீசினால் போதும், பாட்டிக்கும் விளங்கும். 2012இல் வந்த வீ யூ, கையில் இன்னொரு திரையைக் கொடுத்தது. அத்திரை எதற்கு என்பதைப் பெரும்பாலான ஆட்டங்கள் காட்டவில்லை. பழைய வீக்கான துணைக்கருவி என்றே பலர் எண்ணினர். விற்பனை 1.4 கோடியைக்கூடத் தொடவில்லை.